விட்டுப்போன வரி

1

"மன்னிக்கிறதா? நீயா? போடி. உனக்குப் படிப்பு வரும், வாய் வரும். அது மட்டும் வராது."

நான் அயர்லாந்துக்குக் கிளம்பிய அன்று, என் பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டே அம்மா சொன்னது இது. எங்கள் கிராமத்துச் சபையின் உபதேசியார் ஜெபித்து வழியனுப்ப வந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று, "ஒங்க பெரியப்பாட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிரும்மா, மனசுல வச்சுக்கிட்டுக் கடலு தாண்டாத" என்றார். யோசிக்கிறேன் என்றேன். அவர் தலை மறைந்ததும்தான் அம்மா அப்படிச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பல்லால் கயிற்றைக் கடித்து இழுத்தபடி, மழை வராது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

என்னைப் பற்றிச் சந்தேகப்பட்டவர்களை எல்லாம் நான் தோற்கடித்திருக்கிறேன். ஆட்டுக்காரன் மகள் பத்தாவது தாண்டமாட்டாள் என்றார்கள், தாண்டினேன். கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டாவது படிக்க ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள் என்றார்கள், இரண்டு வருடமும் முதல் பஸ்ஸில் போனேன். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் டெக்னீஷியன். சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அம்மாவின் சந்தேகத்தை மட்டும் நான் தோற்கடிக்க முயலவே இல்லை. அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

2

நாங்கள் இருப்பது சின்ன ஊர். வருடம் முழுக்கத் தூறல். காலை ஏழரைக்கு வார்டிலிருந்து முதல் நோயாளி வருவார். என் சட்டையில் மாரீஸ்வரி என்று பெயர் இருக்கிறது. அது சான்றிதழ்ப் பெயர், ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எஸ்தர். இங்கே உள்ளவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு மேரி என்கிறார்கள். முதல் மாதம் திருத்திப் பார்த்தேன். பிறகு மேரியாகவே இருந்துகொண்டேன்.

ஞாயிறு மதியம் ஒரு பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்துத் தமிழ் ஆராதனை நடக்கும். முப்பது குடும்பங்கள் வரும். முடிந்ததும் ஆளுக்கொரு பாத்திரத்தில் கொண்டுவந்த சோறும் குழம்பும். என் வீட்டுக்காரர் நாகர்கோவில் பக்கம், நாலு தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். அவருக்கு ஆராதனையைவிட அந்தக் குழம்பின்மேல் பக்தி அதிகம் என்று சொல்லிச் சிரிப்பேன். "எஸ்தரு, ரெண்டும் ஒரே ஹால்லதான நடக்கு" என்பார்.

மகள் ஜெமிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் பேசுகிற மொழியில்தான் கனவும் காண்கிறாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். தோற்றுத் தோற்று ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிடியை விடாமல் இருந்தேன். சாயங்கால ஜெபம் தமிழில்தான். படுக்கும் முன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை நான் சொல்லச் சொல்ல அவளும் சொல்லுவாள். அப்படித்தான் மனப்பாடம் ஆனது.

போன ஆகஸ்டில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு விழா வைத்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் வசனம் சொன்னார்கள். என் மகள் ஒருத்திதான் மேடையேறிப் பரமண்டல ஜெபத்தை முழுவதும் தமிழில் சொல்லப்போகிறாள் என்று டீச்சர் அறிவித்தார். நான் முன்வரிசையில் போனை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கழுத்து நீண்டிருந்தது என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

ஜெமி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தெளிவான தமிழ். அன்றன்றைய அப்பம் கேட்கிற இடம் வந்தது. அடுத்து, பிறரை நாங்கள் மன்னிக்கிறது போல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற வரி வரவேண்டும். வரவில்லை. அதைத் தாண்டி நேராக அடுத்த வரிக்குப் போய், முடித்து, ஆமென் சொல்லிவிட்டாள்.

டீச்சர் அன்பாகக் குனிந்து, "நடுவுல ஒரு வரி விட்டுட்ட கண்ணு, மறுபடி சொல்லு" என்றார். ஜெமி மறுபடி சொன்னாள். மறுபடியும் அதே இடத்தில் தாண்டினாள். டீச்சர் அந்த வரியை எடுத்துக் கொடுத்தார். ஜெமி தலையாட்டினாள்.

"நோ, ஆன்ட்டி. அது இல்ல. எங்க அம்மா டெய்லி சொல்றாங்க. அது இல்லவே இல்ல."

மைக்கில் கேட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்துக் கை தட்டினார்கள். என் கை மட்டும் போனை அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் மறக்கவில்லை. பதினாலு வருடமாக அந்த வரி வரும்போது நான் வாயை மூடிக்கொள்வேன். சபையில் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, நூறு குரலில் ஒன்று குறைந்தால் யார் கண்டார்? வீட்டில் நாங்கள் இரண்டே குரல்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

3

ஊர்க்காரர்களுக்குக் கரிசல் மண்ணை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில் காலை விட்டால் கணுக்கால் இறங்குகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அதே மண் பசையாகிச் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பத்து எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு காலிலும் ஒரு கல்லைக் கட்டியது போலக் கனக்கும். கார், ஆட்டோ எதுவும் உள்ளே வராது. டிராக்டர் மட்டும்தான் போகும்.

எங்கள் சொந்தத்தில் டிராக்டர் வைத்திருந்தவர் பெரியப்பா, அப்பாவுடன் பிறந்த அண்ணன்.

பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர் எங்களுடையது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கிடையில் ஆடு வைத்திருந்தவர்கள். முதலில் அம்மா சபைக்குப் போனாள், பிறகு நான், கடைசியில் அப்பா. அதுவரைகூடப் பெரியப்பா பொறுத்துக்கொண்டார். முறிந்தது ஒரு கிடாவால். பெரியப்பா மகன், என் அண்ணன், சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது குலசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா அது. கோயில் கொடை விழாவில் வெட்ட வேண்டிய அந்தக் கிடாவை, என் கல்லூரிச் சேர்க்கைக்காக அப்பா எட்டையபுரம் சந்தையில் விற்றுவிட்டார். "எம் புள்ள உசுருக்கு நேந்ததுடா அது" என்று பெரியப்பா நடுத்தெருவில் அழுததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அதன்பிறகு நாங்கள் ஊரைவிட்டு விலகி, எங்கள் புன்செய்க் காட்டிலேயே ஆட்டுக்கிடை பக்கத்தில் ஒரு வீடு போட்டுக்கொண்டோம். தார்ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்கு வண்டித்தடம் மட்டும்தான்.

ஐப்பசியில் ஒரு நாள், மழைக்காகக் கல்லூரிக்கு லீவு விட்டிருந்தார்கள். காலையில் கிடையைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் நூற்றியெட்டுக்குப் போன் செய்தேன். வேகமாகவே வந்தார்கள். டிரைவர் கூப்பிட்டு, "வண்டி தார்ரோட்டுல நிக்கி தாயி, இதுக்கு மேல எறங்குனா மாட்டிக்கிடும். டிராக்டர் இருந்தா போட்டுக் கொண்டாங்க" என்றார். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால், பாசிப்பயறு முளைத்திருந்த காட்டுக்கு அந்தப்புறம், அந்த வண்டியின் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டிராக்டர் அவருக்குப் பின்னால் கொட்டகையில் நின்றது. காலில் விழுந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் விழுகிற ஆள் இல்லை.

"கிடாவ வித்தியள்லா? இப்ப ஒங்க சாமிய வந்து தூக்கச் சொல்லு."

பெரியம்மா உள்ளே இருந்து, "ஏங்க, தம்பியில்லா..." என்று தொடங்கினாள். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள்.

கயிற்றுக் கட்டிலில் அப்பாவைப் படுக்கவைத்துத் தூக்கினோம். அம்மா, நான், பக்கத்துக் காட்டுப் புருஷனும் பொண்டாட்டியும். அப்பாவுக்கு நினைவு இருந்தது. "மொள்ளப் போங்க, வழுக்கும்" என்று எங்களுக்குச் சொன்னார். பாதித் தடத்தில் எனக்குத்தான் வழுக்கியது. கட்டில் என் பக்கமாகச் சரிந்து அப்பா சேற்றில் விழுந்தார். ஒரு பக்கக் கன்னம் முழுக்கக் கருப்பு. என் துப்பட்டாவால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மண் பரவியதே தவிரப் போகவில்லை.

தார்ரோட்டுக்குப் போனதும் நூற்றியெட்டில் வந்த ஆள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் போய் அந்தச் சுற்றுகிற விளக்கை அணைத்தார்.

அடக்கம் முடிந்த கையோடு பெரியப்பா வாசலில் போய் நின்று, ஊர் கேட்கச் சொன்னேன்: "ஒங்க வீட்டுப் பச்சத்தண்ணி இனி எம் பல்லுல படாது."

எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய வார்த்தை இல்லை. தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரில், வாசலுக்கு வந்தவருக்கு முதலில் தண்ணீர்தான் நீட்டுவோம். அதை வாங்க மறுத்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். எங்கள் சபையில் இதற்கென்று ஒரு வழக்கமே உண்டு. அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை நடக்கும். மனத்தாங்கல் உள்ளவர்கள் அது முடிந்ததும் எதிராளி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு வரவேண்டும். குடிக்காதவர்கள் மறுநாள் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் அங்கும் உட்கார்ந்திருந்தேன், இங்கும் உட்கார்ந்திருக்கிறேன். பொய்யாக எழுந்து போவதைவிட நேர்மையாக உட்கார்ந்திருப்பது மேல் என்ற பெருமை எனக்கு இருந்தது.

4

ஜெமி மேடையில் நின்ற அன்று சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா போனை எப்போதும் நெற்றிக்கு நேராகத்தான் பிடிப்பாள். நெற்றியிடம்தான் பேச வேண்டும். அன்று நெற்றிக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு தெரிந்தது. எங்கள் வீட்டுக் கதவு இல்லை.

"எங்கம்மா இருக்கீங்க?"

"ஒங்க பெரியம்மா வீட்டுல" என்றாள்.

என் விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"ஏட்டி, வைக்காத, கேளு. ஒங்க பெரியப்பாவுக்குச் சக்கர கூடி ஒரு கால எடுத்துட்டாவ. பாளையங்கோட்டையில வச்சு. ஆறு மாசம் ஆச்சு. கண்ணும் மங்கல். ஒங்க அண்ணன் சிவகாசியிலருந்து வாரத்துக்கு ஒருக்கத்தான் வாரான். பெரியம்மா ஒருத்தியாத் தூக்கி எறக்க முடியலைன்னு நான் வாரேன்."

"ஆறு மாசமாவா? என்ட்ட ஏன் சொல்லல?"

"ஒன்ட்ட எப்படிச் சொல்லச் சொல்லுத? பயமால்லா இருக்கு."

அம்மாவுக்கு என்னிடம் பயம்! அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்ப நீங்க எல்லாத்தையும் மறந்துட்டீங்க. நல்லது."

"மறந்துட்டேன்னு யாரு சொன்னா?" அம்மாவின் குரலும் ஏறியது. "மழ பெஞ்சா இன்னும் அந்தத் தடத்துப் பக்கம் திரும்பமாட்டேன். தெரியுமா ஒனக்கு? அந்த மனுசன் முதுகைத் தொடைக்கும்போது சில நாளு கை அழுத்திரும். 'வலிக்கி தாயி'ன்னுவாரு. வலிக்கட்டும்னு நெனப்பேன். பொறவு கைய மொள்ள வைப்பேன். அம்புட்டுத்தான் என் மன்னிப்பு. ஒனக்கு வேணும்னா கேளு, வேண்டாம்னா போன வையி."

வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலையில், இதய ஸ்கேன் பார்க்கிற டாக்டரிடம் யாருடைய கதையோ போலக் கேட்டேன். இத்தனை வயது, இப்படி வலி, அரை மணிக்குள் வண்டியில் ஏற்றியிருந்தால்? அவர் என் முகத்தைப் பார்த்தார். "சொல்ல முடியாது, மேரி. பிழைத்திருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார்.

பதினாலு வருடமாக எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. டிராக்டர் வந்திருந்தால் அப்பா இருந்திருப்பார், அவ்வளவுதான் என் கணக்கு. அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டிருந்த வரை இன்னொன்றை நினைக்காமல் இருக்க முடிந்தது. நான் கல்லூரிக்குப் போகாதிருந்தால் கிடா சந்தைக்குப் போயிருக்காது. கிடா போகாதிருந்தால் டிராக்டர் வந்திருக்கும். எல்லாப் பாரத்தையும் பெரியப்பாமேல் ஏற்றி வைத்தால்தான் என் சான்றிதழை என்னால் கையில் பிடிக்க முடிந்தது. உடை மாற்றும் அறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இதை முதல்முறையாக ஆண்டவரிடம் சொன்னேன். ஆறுதலாக எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் யாரோ கை கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

5

டீச்சர் அந்த வரியை ஜெமிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு சாயங்கால ஜெபம் ஒரு தொல்லையானது. அந்த இடம் வந்ததும் ஜெமி சத்தமாகச் சொல்லுவாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து என் வாயைப் பார்ப்பாள்.

"அம்மா, உங்க லிப்ஸ் மூவ் ஆகல."

"கண்ண மூடுட்டி."

ஒரு நாள் அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். அந்த இடம் வந்ததும் தன் குரலையும் நிறுத்தி, என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் துணையாம். அவளுக்குப் பெரியப்பா யார் என்று தெரியாது. சேறு தெரியாது, கிடா தெரியாது. சேற்றில் விழுந்த தாத்தாவின் முகம் தெரியாது. எதுவுமே தெரியாமல் அந்த மௌனத்தை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறாள். எவ்வளவோ பாடுபட்டு நான் அவளுக்குக் கொடுத்த தமிழில், கடைசியில் நிற்கப்போவது இந்த ஓட்டைதானா?

அன்று தூக்கம் வரவில்லை. மன்னிப்பு என்பது ஆண்டவர் நம் மனதில் பெய்விக்கிற ஏதோ ஒன்று, பெய்யட்டும் என்று இத்தனை நாள் வானம் பார்த்தபடி இருந்திருக்கிறேன். எங்கள் ஊர்ச் சபை அப்படி எதையும் கேட்டதே இல்லை. மனசு ஆறிவிட்டதா என்று உபதேசியார் யாரிடமும் கேட்கமாட்டார். தண்ணி குடிச்சாச்சா என்றுதான் கேட்பார். ஆறாத மனதோடும் குடிக்கலாம் என்று அதற்கு அர்த்தம். படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

லீவு கேட்டு எழுதினேன். உடல்நலமில்லாத உறவினர் என்றால் என்ன உறவு என்று கம்ப்யூட்டரில் ஒரு பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவரை யார் கேட்டாலும் பெரியப்பாவை 'ஒரு அங்கிள்' என்று சொல்லித் தள்ளிவைத்தவள் நான். அங்கிளுக்கு அந்த லீவு கிடையாது என்று அலுவலகப் பெண்மணி வருத்தத்தோடு சொன்னார். "எங்கள் மொழியில் அவரும் அப்பாதான், பெரிய அப்பா" என்று அவரோடு வாதாடினேன். வாதாடும்போதே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைசியில் என் சொந்த வருட லீவில் கழித்துக்கொண்டார்கள். குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போனது திரும்பி வர ஒன்பது வாரம் ஆயிற்று. அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அந்த ஒன்பது வாரத்தில் போகவேண்டாம் என்று நான் முடிவு செய்த நாட்கள்தான் அதிகம். அட்டை வந்தபோது வீட்டுக்காரர் அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "இனி சாக்கு ஒண்ணும் இல்ல எஸ்தரு" என்றார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஜெமியும் நானும் கிளம்பினோம்.

6

ஐப்பசி. மழை பெய்திருந்தது. காட்டு வீட்டுக்குப் போகிற தடத்துக்கு இப்போதும் தார் போடவில்லை. ரோட்டில் இறங்கி நடந்தோம். ஜெமியின் வெள்ளை ஷூ ஆறே எட்டில் காணாமல் போனது. "அம்மா, இட்ஸ் ஈட்டிங் மீ!" என்று சிரித்தாள். கட்டில் சரிந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். அங்கே நின்றேன். ஜெமி என் கையைப் பிடித்து இழுத்தாள். கடந்துவிட்டோம்.

இன்று காலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். ஜெமியை மட்டும் கூட்டிக்கொண்டேன். கொட்டகையில் அந்த டிராக்டர் இன்னும் நிற்கிறது. சக்கரத்தில் காற்று இல்லை. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்று பாதி திரும்பினேன்.

பெரியம்மா வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது. "யாரு அது?"

"நம்ம மாரி" என்றாள் பெரியம்மா. "மாரியும் அவ புள்ளையும்."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். எதிர்பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"என்ன வேணுமாம்?" என்றார்.

மன்னித்துவிட்டேனா என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த வரியை மனதுக்குள் முழுவதும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன். பிறகு வாயைத் திறந்தேன்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க, பெரியம்மா."

பெரியம்மா அசையவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து உட்கார முயல்கிறார் என்று தெரிந்தது.

"நிக்கியே, மோந்து குடு" என்றார் அவர். குரல் உடைந்ததா, மூச்சு வாங்கியதா, எனக்குத் தெரியவில்லை. "கொழாத் தண்ணி குடுத்துராத, உப்புக் கரிக்கும். பானையில மழத்தண்ணி கெடக்கு பாரு, அதக் குடு."

செம்பு நிறைய வந்தது. இரண்டு கையாலும் வாங்கினேன். பாதியைக் குடித்துவிட்டு, மீதியை ஜெமியிடம் கொடுத்தேன்.